டாக்டர் சொல்லிக் கேட்காததை நடவுக்குப் போகிறவள் சொன்னால் கேட்பது ஏன்?

தமிழ்நாட்டைப் பற்றி 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நடக்கும் பிரசவங்கள் 99.6 சதவீதம். 30 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். அகில இந்திய அளவில் இந்த இரண்டாவது எண் 1.9தான், அதனால் நாம் தேவலாம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என்னை உறுத்துவது வேறு. இரண்டுமே அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளக்கூடிய காரியம். அதே நர்சம்மா, அதே இலவசம், மன்னார்குடியிலிருந்து போகும் அதே டவுன் பஸ். ஒன்றுக்கு ஊரே போகிறது, இன்னொன்றுக்குப் பத்தில் ஒருத்திதான் போகிறாள்.

வலி எடுத்தால் போய்த்தானே ஆகவேண்டும், பரிசோதனைக்கு என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அது பாதி உண்மை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அதே வலி எடுத்தபோது நம் பாட்டிகள் வீட்டுக்கு மருத்துவச்சியைத்தான் கூப்பிட்டார்கள். இந்த மாற்றம் வருவதற்கு 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிலையங்கள், 108 வண்டி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாய் என்று பல காரணங்கள் உண்டு, எதையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்து வேலை செய்தது, அது எந்த பட்ஜெட்டிலும் இல்லை. பெற்றுத் திரும்பியவள் சொன்ன கதை. எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்தில் டாக்டர் இருப்பார், எங்கே நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்வார், எங்கே பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்ட ஆயாவுக்குக் காசு வைக்க வேண்டும் என்பதெல்லாம் டெல்டாவில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். குடத்தை இறக்கி வைத்த இடத்தில் நின்று பேசிப் பேசியே சேர்ந்த அறிவு அது. பரிசோதனைக்கு அப்படி ஒரு கதை கிடையாது. போய்வந்தவளும் சொல்வதில்லை, இடம் அப்படி.

நான் சொல்ல வருவது இதுதான்: சுகாதாரத்தில் சொந்தக் கதைக்கு இருக்கும் பலத்தை நாம் விளம்பரத் துறையின் கண்ணோடு பார்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘மக்களை எப்படி நம்ப வைப்பது’ என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரி மக்களின் வாய்ச்சொல்லை எப்போது நம்பப் போகிறது என்ற மறுபாதியை யாரும் கேட்பதில்லை.

டெல்டாவுக்கு நோய்க்கதை புதிதில்லை. வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கும் காட்சியகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். வெள்ளியில் செய்த கண், கால், இதயம், தொட்டில், கூடவே இன்ன நோய் இருந்தது, இன்ன வேண்டுதல் வைத்தோம், சரியாயிற்று என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதங்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் சாமியே வைத்தியர், அங்கேயும் வெள்ளி உறுப்புகளை வாங்கிச் செலுத்துவார்கள். நாகூர் தர்காவுக்கு எந்த மதம் என்று பார்க்காமல் நோயாளியைக் கூட்டிவருவார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். நோயைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற ஒரு சமூகம், இந்த இடங்களில் மட்டும் பேர், ஊர், உறுப்பு எல்லாவற்றையும் சொல்லித் தன் கதையை நாலு பேர் முன்னால் வைக்கிறது. ஏனென்றால் அங்கே யாரும் ‘இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே’ என்று அதட்டுவதில்லை.

சரி, கதை வேலை செய்யும்போது எப்படி இருக்கும்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் நூறு நாள் வேலையில் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்த இடத்தில் நான் கேட்டதைச் சொல்கிறேன். பத்து மணிக்கு மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புங்கமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து எல்லோரும் உட்கார்ந்த நேரம். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மா, நடவு, களையெடுப்பு என்று எல்லா வேலைக்கும் போகிறவர், தனக்குப் பரிசோதனை செய்ததைப் பேச்சுவாக்கில் எடுத்தார். பக்கத்திலிருந்த பெண் உடனே, “என்னாக்கா பண்ணுவாங்க அங்க?” என்று கேட்டுவிட்டாள்.

“படுக்க வச்சு காலை மடக்கிக்கச் சொல்வாங்க. கூச்சமாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்லமாட்டேன். ஒரு கருவியை வச்சுப் பாத்துட்டு, பஞ்சுல ஒரு தண்ணியத் தொட்டு உள்ள வைக்கிறாங்க. ஊறுகாய் காடி வாடை அடிக்கும். ஒரு நிமிஷம் விட்டுட்டு லைட்டடிச்சுப் பாக்கறாங்க. வெள்ளையா தெரிஞ்சா தஞ்சாவூருக்குப் போகச் சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சுச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “அந்த மறைப்புத் துணி பாதிக்கு மேல மூடாது, நான் என் சேலைத் தலைப்பைத்தான் இழுத்துப் போட்டுக்கிட்டேன். அந்த நர்சும் சிடுசிடுன்னுதான் பேசினாங்க. ஆனா கை பதமான கை” என்றார். இதற்குள் கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. எத்தனை நாள் கூலி போச்சு? அறுத்து எடுத்தாங்களா? புருஷன்கிட்ட என்ன சொன்னே? கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தார். “வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். தஞ்சாவூருக்குப் போற அன்னிக்கித்தான் நெசத்தைச் சொன்னேன். ஒண்ணும் சொல்லல, பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாரு.”

அப்புறம் சில பேர் சேர்ந்தே போனார்கள். எல்லோரும் போகவில்லை, அப்படி அற்புதமெல்லாம் நடப்பதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரப் பேச்சில் இருந்தது எதுவும் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாடை, கூச்சம், கூலி நஷ்டம், புருஷனிடம் சொன்ன பொய், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பாதி மூடிய துணி. ஆஸ்பத்திரியின் குறையையும் சேர்த்துச் சொன்னதால்தான் மீதியை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால், இவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அங்கேயே முடிவு கட்டியிருப்பார்கள்.

அந்தக் காடி வாடைக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது நீர்த்த அசிட்டிக் அமிலம். அதைத் தடவியதும் மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று, இந்த எளிய சோதனையை ஒரே ஒருமுறை செய்தாலே இந்தப் புற்றுநோயால் வரும் சாவு சுமார் 35 சதவீதம் குறைகிறது என்று 2007இல் உலகத்துக்கே காட்டியது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசு முன்னோட்டமாக இதைத் தொடங்கிய இரண்டு மாவட்டங்களில் ஒன்று தேனி, இன்னொன்று நம் தஞ்சாவூர். அறிவியல் நம் வாசலிலேயே இருந்தது. அதைப் பற்றிப் பேசும் வாய்கள்தான் குறைச்சல்.

எண்ணைவிடக் கதைக்கு ஏன் மனது மசிகிறது என்பதற்கு விளக்கங்கள் நிறைய உண்டு. புத்தி சொல்கிறார்கள் என்றதும் நாம் உள்ளுக்குள் வாதாட ஆரம்பித்துவிடுகிறோம். கதை கேட்கும்போது அந்த வாதம் கொஞ்ச நேரம் அடங்கி, அடுத்து என்ன ஆச்சு என்ற எண்ணம்தான் முன்னால் நிற்கிறது. அதிலும் சொல்கிறவர் நம்மைப் போலவே கூலி வாங்குகிறவராக, நம்மைப் போலவே பயந்தவராக இருந்தால், அவர் போய்த் திரும்பிய பாதையில் நாமும் மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறோம். இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்காம் நகரத்து மருத்துவமனை ஒன்றில் 299 கறுப்பின நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. எல்லோருக்கும் உயர் ரத்த அழுத்தம் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு அதே ஊர், அதே இனத்து நோயாளிகள் தங்கள் பிரஷர் கதையைச் சொல்லும் டிவிடிகளைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பொதுவான உடல்நலத் தகவல்கள் அடங்கிய டிவிடிகள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஆரம்பத்தில் பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களில் கதை கேட்டவர்களுக்கு மேல் அளவு மற்றவர்களைவிட 11 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. ஒரு மாத்திரை செய்கிற வேலை அது. ஏற்கெனவே கட்டுக்குள் இருந்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அலபாமாவில் இது நடந்தது என்பதற்குத் தனி அர்த்தம் உண்டு. டஸ்கிகி என்ற ஊர் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் கைக்கு எட்டிய பிறகும் வைத்தியம் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அந்த மண்ணில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து ‘என்னை நம்பு’ என்றால் யார் நம்புவார்? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் காது கொடுப்பார்கள்.

நம் பக்கத்திலும் அவநம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. தஞ்சாவூர்ப் பண்ணைகளில் கூலியாட்களுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் சாட்டையடியும் இருந்த காலம் நம் தாத்தாக்களின் காலம்தான். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தண்டனை பெற்ற நிலக்கிழார்களைப் பிறகு உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. யார் சொன்னால் எடுபடும், யார் சொன்னால் எடுபடாது என்பதை அந்தத் தெருக்கள் அப்போதே தெரிந்துகொண்டன. இதை ஏன் ஆஸ்பத்திரிக் கட்டுரைக்குள் இழுக்கிறேன் என்றால், மருத்துவமும் கடைசியில் வாய்ச்சொல்லில்தான் தொடங்குகிறது. வலி எங்கே, எப்போதிலிருந்து, எப்படி. சட்டை மடிப்புக் கலையாதவர் சொன்னால் ஸ்கேன் எழுதுகிறார்கள், சேற்றுக்கால் வெடிப்போடு வந்தவள் சொன்னால் கேஸ் மாத்திரை எழுதுகிறார்கள். எல்லா டாக்டரும் அப்படியில்லை, எங்கள் பக்கம் தங்கமான டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தைப் பார்க்காதவர்கள் ஓ.பி. வரிசையில் நிற்காதவர்கள் மட்டும்தான்.

கதைக்கு இன்னொரு முகம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுக் கதையைப் புகழ்வது மோசடி. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று எல்லோரும் பார்க்கட்டும் என்றே அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி இறந்துபோனார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள், ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக்குழுவும் பின்னால் சொன்னது. ஆனால் டீக்கடையில் ‘ஊசி போட்டார், செத்தார்’ என்று மூன்றே சொல்லில் கதை முடிந்திருந்தது. ஆய்வறிக்கைக்கு அந்த வேகம் ஏது? அதற்கு முன்பே, 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பள்ளிக்கூடங்களில் போடத் தொடங்கியபோதும் யாரென்றே தெரியாத குரல்கள் வாட்ஸப்பில் சுற்றின, பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள், முகாமையே நீட்டிக்க வேண்டியதாயிற்று.

பாம்புக்கடி இதைவிடச் சிக்கல். பிழைத்தவன்தான் கதை சொல்வான், செத்தவன் வந்து சொல்வதில்லை. விஷமில்லாத பாம்பு கடித்தாலும், விஷப்பாம்பு விஷத்தை இறக்காமல் கடித்தாலும் ஆள் பிழைத்துத்தான் ஆவான், நடுவில் யார் பச்சிலை கொடுத்தாரோ அவருக்குப் பேர் போய்ச் சேரும். அந்தக் கதையை நம்பிக் கட்டுவிரியன் கடித்தவனையும் அங்கே தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அவ்வளவாக இருக்காது, விடியற்காலம் வயிற்றுவலி, அப்புறம் கண் இமை சொருகும். கட்டில் உள்ள வீட்டைவிடக் கீற்றுக் குடிசையில்தான் இது அதிகம் நடக்கும், ஏற்றத்தாழ்வு என்பது சில சமயம் தரையிலிருந்து இரண்டு அடி உயரம்தான். ‘எனக்குக் கடிச்சதே தெரியல, எங்க ஆத்தா இமையைப் பாத்துட்டு வண்டிக்குச் சொல்லிட்டா, அதான் இருக்கேன்’ என்று ஒரு பிழைத்தவர் சொல்கிற கதை பச்சிலைக் கதையோடு மோதி நிற்கும். பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. இனி எண்ணிக்கை ஒழுங்காகக் கிடைக்கும், நல்லது. அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களைக் கண்டுபிடித்துப் பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

கும்பகோணத்தில் யானைக்கால் ஒரு காலத்தில் ஊர்ப்பேரோடு ஒட்டிக்கொண்ட நோய். நோய்ப்புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும் என்பதால் ஆட்கள் இரவில் வந்து விரலில் குத்துவார்கள், சந்தேகப்பட அது ஒன்றே போதும். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கே டிஇசி என்ற புழுக்கொல்லி மாத்திரை. நன்றாக இருப்பவனுக்கு எதற்கு மாத்திரை என்பது முதல் கேள்வி. விழுங்கியவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தது இரண்டாவது பிரச்சினை. உள்ளே புழு இருந்து அது சாகும்போதுதான் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் வரும், அதாவது மாத்திரை யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் தொந்தரவு. இதை முன்கூட்டியே, தனக்கும் வந்து போனது என்று ஒருவர் சொல்லிவிட்டால் பயம் பாதியாகும். ‘ஒன்றும் செய்யாது’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அப்புறம் காய்ச்சல் வந்தால், அடுத்த வருஷம் மாத்திரை நேரே சாக்கடைக்குத்தான் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் கதை. இதைவிட ஆழமாகப் போன முயற்சி ஒன்று ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நடந்தது. ஏக்ஜுட் என்ற அமைப்பு, பெரும்பாலும் ஆதிவாசிகள் வாழும் கிராமங்களில் பெண்கள் குழுக்களை மாதாமாதம் கூட்டியது. தாய்க்கும் சிசுவுக்கும் நேர்ந்ததைக் கதையாகவும் படங்களாகவும் வைத்து, இது ஏன் நடந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, நாம் என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்களையே பேச விட்டார்கள். பதிலை வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. மூன்று வருஷத்தில் பச்சிளம் குழந்தைச் சாவு 32 சதவீதம் குறைந்தது என்று 2010இல் வெளியிட்டார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மிகவும் ஒதுக்கப்பட்டுக் கிடந்த குடும்பங்களில்தான் பலன் அதிகம் என்று பின்னால் தெரிந்தது. வழக்கமாக எந்தத் திட்டம் வந்தாலும் ரோட்டோரத்து வீடு முதலில் வாங்கிக்கொள்ளும், கடைசித் தெருவுக்கு மிச்சம்தான் போகும். இங்கே அது தலைகீழாயிற்று.

நம் கடலோரத்திலும் ஒருமுறை அப்படிக் காது கொடுத்தார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் பிள்ளைகளை அலைக்குக் கொடுத்த தாய்மார்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், ‘எங்களுக்கு இன்னொரு பிள்ளை வேணும்’ என்று சொன்னார்கள். எந்த நிவாரணப் பட்டியலிலும் அது இல்லை. அரசு அதைக் கேட்டுக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனுக்கு உதவி செய்தது. எல்லோருக்கும் பிள்ளை கிடைத்துவிடவில்லை. ஆனால் அழுதவள் வாயிலிருந்து வந்தது ஒரு அரசாணையாக மாறியது, அந்த அளவுக்குக் கேட்டார்கள்.

சரி, யாரைப் பேசச் சொல்வது? இங்கேதான் கை கூச வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. பத்து வருஷம் கழித்தும் அந்தப் பேச்செல்லாம் பயமுறுத்தலாகவும் கேலியாகவும்தான் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஊரெங்கும் தட்டி வைத்த ‘புள்ளி ராஜா’ எய்ட்ஸ் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? எல்லோரையும் பேச வைத்தது, சரிதான், ஆனால் ராஜா என்று பேர் வைத்துக்கொண்ட பையன்களை நாம் படுத்திய பாடும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1998இல், பி. கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் தங்களுக்குத் தொற்று இருப்பதை மறைக்காமல் சொல்லிப் பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கட்டிய புருஷனிடமிருந்து தொற்று வந்த பெண் முகத்தைக் காட்டிப் பேசியது, நூறு தட்டிகளால் முடியாததைச் செய்தது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் கணக்கில் வைப்பதில்லை. காசநோயிலும் இப்படித்தான். குணமானவர்களைப் பயிற்சி கொடுத்துப் புது நோயாளிகளோடு பேச வைக்கும் ஏற்பாடு இப்போது நடக்கிறது, ஆறு மாதம் மாத்திரை விழுங்கியவனுக்குத்தான் இரண்டாவது மாதம் எங்கே கை தளரும் என்று தெரியும். அதே சமயம், பெண் கேட்டு வருகிற வயதில் ஒரு பெண் ‘எனக்கு டிபி இருந்துச்சு’ என்று மைக்கில் சொன்னால், அந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அதனால் ஒருவர் கதை அவருடைய சொத்து என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. விஷயத்தில் 2017ஆம் வருஷத்துச் சட்டம், ஒருவரை அவர் நிலையை வெளியே சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது, மற்ற நோய்களுக்கு நம் நாகரிகம்தான் சட்டம். முகாம் முடிந்ததும் நோயாளியை நிற்க வைத்து, மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்து அந்த நிமிஷமே குரூப்பில் போடுகிற வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மருந்து கொடுத்தவர் முன்னால் நின்றுகொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் எந்தக் கூலிக்காரப் பெண்ணுக்கு இருக்கும்? இப்போது சொல்லிவிட்டு நாளைக்கு வேண்டாம் என்றால் நிறுத்துவதற்கும் அவளுக்கு வழி இருக்க வேண்டும், வாட்ஸப்பில் போனது திரும்புமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அக்கா, அத்தாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படி வரைக்கும் போகக்கூடியவர்கள். கதை கேட்பதற்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. ஆனால் அவர்கள் பதிந்து அனுப்புவது எத்தனை பேருக்குப் பார்த்தாய், எவ்வளவு அளவு, எத்தனை மாத்திரை என்ற எண்கள்தான். நடவுக்குப் போகிற ஒரு பெண் வேலை நாளில் பிரஷர் மாத்திரையை விழுங்குவதில்லை. சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்கும், வயலில் ஒதுங்க இடம் கிடையாது, வரப்பில் ஆண்கள் நாற்றுமுடி வீசிக்கொண்டிருப்பார்கள், அதனால் தண்ணீரே குடிக்காமல் மூன்று மணி வரை குனிந்து நிற்பாள். பதிவேட்டில் இது ‘ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை’. தன்னார்வலருக்குக் காரணம் தெரியும், அவரும் நேற்றுவரை அதே வயலில் நின்றவர்தான். டாக்டருக்குத் தெரிந்தால் வேறு மாத்திரை எழுதுவார், அல்லது எப்போது விழுங்கலாம் என்று சொல்வார். நடுவில் அந்தச் செய்தி போகிற வழிதான் இல்லை.

புங்கமரத்தடியில் அந்தப் பெண்கள் கடைசியாகப் பேசிக்கொண்டதும் இந்த மாதிரி விஷயம்தான். காலை ஒன்பது மணி என்பது அரை நாள் கூலி போகிற நேரம், மத்தியானம் வைக்கச் சொல்லணும். சம்பா நட்டு முடித்துக் களைக்கு இறங்குவதற்கு நடுவில் வேலை இல்லாத நாட்கள் வரும், முகாமை அப்போது வைத்தால் தெருவோடு வருவோம். தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்தால் எந்த பில்டிங், எந்த ரூம், யாரைப் பார்க்கணும் என்று சேர்த்து எழுதிக் கொடுக்கணும், போன தடவை ஒருத்தி சாயந்திரம் வரை சுற்றிவிட்டுப் பார்க்காமலேயே திரும்பிவிட்டாள். அப்புறம், அந்த மறைப்புத் துணியை முழுசாக மூடுகிற மாதிரி போடச் சொல்லணும், இல்லாவிட்டால் நாங்களே ஒரு பழைய சேலையைக் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறோம் என்றார்கள்.